மாஸ்டர்ஸ் சேரப் போறீங்களா? டிகிரி பேரை விட்டுட்டு முதல்ல பாடப்பட்டியலை திறங்க

மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன், எந்த யுனிவர்சிட்டி நல்லா இருக்கும்னு கேட்டு யாராவது வந்தா நான் உடனே ஒரு பேரும் சொல்ல மாட்டேன். படிச்சு முடிச்ச அப்புறம் காலைல எந்திரிச்சு என்ன வேலை செய்யப்போறீங்க, அதை மட்டும் முதல்ல சொல்லுங்கன்னு கேப்பேன். நிறைய பேர் கொஞ்சம் தயங்குவாங்க, ஏன்னா அதுவரைக்கும் அவங்களை யாரும் அப்படி கேட்டதில்ல, மார்க் என்ன, எந்த நாடு, எவ்வளவு செலவாகும்னுதான் கேட்டிருப்பாங்க.

நான் சேர்ந்தப்ப எனக்கும் யாரும் சொல்லல. டிகிரி பேரு பிடிச்சிருந்துச்சு, வெப்சைட்ல போட்டிருந்த ஒரு எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், ரொம்பவே பிடிச்சிருந்துச்சு, சேர்ந்துட்டேன். சேர்ந்து மூணு மாசம் கழிச்சுதான் தெரியுது அந்த பேப்பரை நடத்திட்டிருந்த புரொஃபசர் எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வேற இடத்துக்கு போயிட்டாருன்னு, பேப்பர் பேரு மட்டும் பட்டியல்ல அப்படியே கெடக்கு. கடைசி செமஸ்டர் வரைக்கும் யாராவது எடுப்பாங்கன்னு காத்திருந்து வேற எதையோ எடுத்து முடிச்சேன். சேர்றதுக்கு முன்னாடி டிபார்ட்மென்டுக்கு ஒரே ஒரு மெயில் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு அது நடக்கக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல் வேலை: எதுக்கு படிக்கிறீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க

பெரும்பாலும் மூணு காரணம்தான் வரும். இப்ப இருக்கற துறையிலயே இன்னும் ஆழமா போகணும், வேற துறைக்கு மாறணும், இல்லன்னா பிஹெச்டி பண்ணணும். இந்த மூணுக்கும் தேட வேண்டிய கோர்ஸ் வேற வேற.

மாஸ்டர்ஸ்ல பொதுவா ரெண்டு ரகம் உண்டு. ஒண்ணு கிளாஸ், அசைன்மென்ட், எக்ஸாம்னு போற கோர்ஸ்வொர்க் ரகம், இன்னொண்ணு ஒரு கைடு கிட்ட உக்காந்து ஆராய்ச்சி பண்ணி தீசிஸ் எழுதுற ரகம். வேலைக்கு போறவங்களுக்கு முதல் ரகம் போதும். பிஹெச்டி ஆசை கொஞ்சமாவது இருந்தா தீசிஸ் இருக்கற கோர்ஸா பாத்து எடுங்க, ஏன்னா பின்னாடி பிஹெச்டிக்கு அப்ளை பண்றப்ப நீங்க எவ்வளவு மார்க் வாங்கினீங்கன்றதை விட ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்களா, உங்களைப் பத்தி எழுத ஒரு கைடு இருக்காரான்னுதான் பாப்பாங்க.

இதுல ஒரு விஷயம் பல பேருக்கு தெரியறதில்ல. அமெரிக்காவுல பல டிபார்ட்மென்ட்ல இளங்கலை முடிச்ச கையோட நேரா பிஹெச்டிக்கே எடுத்துக்குவாங்க, மாஸ்டர்ஸ் தனியா வேணாம், பெரும்பாலும் ஃபீஸ் தள்ளுபடியும் மாசச் சம்பளமும் சேர்ந்தே வரும். ஐரோப்பாவுல பெரும்பாலான இடத்துல பிஹெச்டிக்கு முன்னாடி மாஸ்டர்ஸ் இருந்தே ஆகணும். பிஹெச்டிதான் இலக்குன்னு தெளிவா இருக்கறவங்க இதைத் தெரிஞ்சுக்காம சொந்தக் காசு போட்டு ரெண்டு வருஷம் படிக்கறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்காது.

துறை மாறப்போறவங்க இன்னொண்ணு பாக்கணும். சில கோர்ஸ் முந்தின டிகிரியோட தொடர்ச்சியா வடிவமைச்சது, சில கோர்ஸ் எந்த டிகிரி முடிச்சவங்களையும் எடுத்து அடிப்படைல இருந்து சொல்லித்தர்றது. முதல் வகைக்கு வெளியாளுங்க அப்ளை பண்ணா தகுதி இல்லன்னு ஆரம்பத்துலயே தள்ளிடுவாங்க. அதே மாதிரி கிளினிக்கல் சைக்காலஜி, சட்டம், ஆர்க்கிடெக்சர் இதெல்லாம் லைசென்ஸ் வேண்டிய தொழில், நீங்க எந்த நாட்ல தொழில் பண்ணப்போறீங்களோ அந்த நாட்டு கவுன்சில் இந்த டிகிரியை ஏத்துக்குமான்னு முதல்லயே பாத்துடுங்க.

ரெண்டாவது வேலை: பாடப்பட்டியலை வரி வரியா படிக்கிறது

இதுக்குத்தான் நீங்க அதிக நேரம் செலவு பண்ணணும், ஆனா இதைத்தான் எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல தாண்டிடுறாங்க. கோர்ஸ் பக்கத்துல பெரிய எழுத்துல போட்டிருக்கற அறிமுகம், சிரிச்ச முகமா நாலு பேர் போட்டோ, அதெல்லாம் விளம்பரம். உள்ள தேடினா மாட்யூல் ஹேண்ட்புக் இல்லன்னா கரிக்குலம்னு ஒரு பிடிஎஃப் கெடக்கும், அதை இறக்கிக்கோங்க.

ஒரு உதாரணத்துக்கு டேட்டா சயின்ஸ்னு ஒரே பேர்ல ரெண்டு கோர்ஸ் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டிபார்ட்மென்ட் நடத்துறது, முதல் செமஸ்டர்லயே ப்ராபபிலிட்டி தியரி, லீனியர் மாடல், இன்ஃபரன்ஸ்னு கணக்கா வரும், எழுத்துப் பரீட்சைதான் முக்கால்வாசி மார்க். இன்னொண்ணு பிசினஸ் ஸ்கூல் நடத்துறது, அதுல டேட்டாபேஸ், விஷுவலைசேஷன், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், பாதி மார்க் குரூப் ப்ராஜெக்டுக்கு. ரெண்டுமே நல்ல கோர்ஸ்தான், ஆனா ஒண்ணுக்கு போக வேண்டிய ஆள் இன்னொண்ணுல மாட்டிக்கிட்டா அந்த ரெண்டு வருஷமும் பெரிய வேதனை. பேரைப் பாத்தா வித்தியாசமே தெரியாது, எந்த டிபார்ட்மென்ட் நடத்துது, பரீட்சை எப்படின்னு பாத்தாதான் தெரியும்.

படிக்கறப்ப ஒரு பேனா எடுத்து கட்டாயப் பாடம் எது, விருப்பப் பாடம் எதுன்னு பிரிச்சுக்கோங்க. கட்டாயப் பாடத்துல பாதிக்கு மேல உங்களுக்கு ஆர்வம் இல்லன்னா அந்த கோர்ஸ் வேணாம், எலெக்டிவ் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. அப்புறம் கிரெடிட்டை பாருங்க. ஐரோப்பாவுல ஈசிடிஎஸ்னு ஒரு கணக்கு இருக்கு, ஒரு வருஷப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்னா கிளாஸ், வீட்ல படிக்கறது எல்லாம் சேர்த்து 25ல இருந்து 30 மணி நேர உழைப்பு. அப்ப 6 கிரெடிட் பேப்பர் ஒண்ணுக்கு 150ல இருந்து 180 மணி நேரம் ஆகும், பார்ட் டைம் வேலை பாத்துக்கிட்டே சமாளிச்சுடலாம்னு நினைக்கறவங்க இந்தக் கணக்கை ஒருதடவை போட்டுப் பாக்கணும். பிரிட்டன்ல முழுநேர மாஸ்டர்ஸ் பெரும்பாலும் ஒரே வருஷம், 180 கிரெடிட், அதுல வழக்கமா 60 கடைசில எழுதுற டிசர்டேஷன்ற ஆய்வுக்கட்டுரைக்கு போயிடும், அந்த ஊர் கணக்குல ரெண்டு கிரெடிட் ஒரு ஈசிடிஎஸ்னு வெச்சுக்கலாம். ஒரு வருஷத்துல முடியறது செலவுக்கு நல்லது, ஆனா சேர்ந்த ரெண்டு மூணு மாசத்துலயே டிசர்டேஷன் தலைப்பு யோசிக்கணும், வேலையும் தேடணும், மூச்சு விட நேரம் இருக்காது.

பட்டியலைப் படிச்சதும் உங்களுக்கு ரொம்ப பிடிச்ச மூணு எலெக்டிவ் பேரை எழுதி, கடைசி ரெண்டு வருஷம் இந்த பேப்பர்ஸ் நடந்துச்சா, அடுத்த வருஷம் நடக்குமான்னு கோர்ஸ் கோஆர்டினேட்டருக்கு நாலு வரி மெயில் போடுங்க. இப்ப படிக்கிற ஸ்டூடன்ட் யாராவது கிடைச்சா இன்னும் நல்லது, அவங்க கிட்ட கோர்ஸ் எப்படி இருக்குன்னு கேக்காதீங்க, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. போன செமஸ்டர் என்னென்ன பேப்பர் எடுத்தீங்க, தீசிஸ் கைடு எத்தனை நாளைக்கு ஒருதடவை பாக்க நேரம் குடுக்கறாரு, உங்க பேட்ச்ல முடிச்சவங்க எங்க வேலைக்கு போனாங்கன்னு கேளுங்க.

ரேங்கிங் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பாக்க வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த நம்பர் மொத்த யுனிவர்சிட்டிக்கானது. உதாரணமா க்யூஎஸ்னு ஒரு நிறுவனம் போடுற உலக ரேங்கிங்ல 30 சதவீதம் மத்த பேராசிரியர்கள் கிட்ட கருத்துக் கேட்டு போடுற மதிப்பு, உங்க கோர்ஸ்ல கிளாஸ் எப்படி நடக்குதுன்றது அதுல எங்கயும் வராது. நூறாவது இடத்துக்கும் நூத்தி முப்பதாவது இடத்துக்கும் நடுவுல நீங்க தேர்ந்தெடுக்க வேண்டி வந்தா அந்த முப்பது இட வித்தியாசத்தை மறந்துட்டு பாடப்பட்டியலை வெச்சு முடிவு பண்ணுங்க.

தகுதி இருக்கான்னு பாக்கறது

இது சலிப்பான வேலை, ஆனா இதுல கோட்டை விட்டா அப்ளிகேஷன் ஃபீஸ் போச்சு. இளங்கலை மூணு வருஷமா நாலு வருஷமான்னு சில இடத்துல பாப்பாங்க, குறிப்பிட்ட பாடத்துல இத்தனை கிரெடிட் இருக்கணும்னு கேப்பாங்க, உங்க பழைய காலேஜ் அவங்க பட்டியல்ல அங்கீகாரம் உள்ளதான்னும் பாப்பாங்க. ஜெர்மனிக்கு அனாபின்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, அதுல உங்க யுனிவர்சிட்டி பேருக்கு பக்கத்துல எச் பிளஸ்னு இருந்தா பிரச்சனை இல்ல. அமெரிக்கா, கனடாவுல சில இடத்துல டபிள்யூஈஎஸ் மாதிரி அமைப்பு மூலமா மார்க்ஷீட்டை மதிப்பிட்டு அனுப்பச் சொல்வாங்க, அதுக்கு உங்க பழைய காலேஜ்ல இருந்து பேப்பர் போகணும், வாரக்கணக்குல இழுக்கும், அதனால சீக்கிரமே ஆரம்பிச்சுடுங்க.

மார்க்கை மாத்துற கணக்கும் தெரிஞ்சிருக்கறது நல்லது. ஜெர்மனில 1.0 தான் உச்சம், 4.0 பாஸ். உங்க அதிகபட்ச மார்க்ல இருந்து நீங்க வாங்கினதை கழிங்க, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகுங்க, மூணால பெருக்கி ஒண்ணை கூட்டுங்க. பத்துக்கு 8.2 வாங்கியிருக்கீங்க, பாஸ் 4ன்னா, 1.8ஐ 6ஆல வகுத்தா 0.3, மூணால பெருக்கினா 0.9, ஒண்ணு கூட்டினா 1.9. கோர்ஸ் பக்கத்துல 2.5க்குள்ள வேணும்னு போட்டிருந்தா நீங்க உள்ள இருக்கீங்க.

பணம்

சேர்ந்த அப்புறம் பணம் பாத்துக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க. பெரிய ஸ்காலர்ஷிப் பலதுக்கு கோர்ஸ் அட்மிஷன் வர்றதுக்கு முன்னாடியே கடைசி தேதி முடிஞ்சுடும். பிரிட்டனோட செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு குறைஞ்சது ரெண்டு வருஷ வேலை அனுபவம், 2,800 மணி நேரம்னு கணக்கு வெச்சிருக்காங்க, முடிச்சதும் சொந்த நாட்டுக்கு திரும்பி ரெண்டு வருஷம் இருக்கணும். ஐரோப்பிய யூனியனோட எராஸ்மஸ் முண்டஸ் கோர்ஸ்ல குறைஞ்சது ரெண்டு நாட்ல படிக்கணும், ஸ்காலர்ஷிப் கிடைச்சா மாசம் 1,400 யூரோ, ஃபீஸும் கிடையாது, ஆனா பெரும்பாலும் அதுக்கு முந்தின வருஷ அக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ள அப்ளை பண்ணிடணும். அமெரிக்காவுல மாஸ்டர்ஸுக்கு உதவித்தொகை குறைவு, டீச்சிங் அசிஸ்டென்ட், ரிசர்ச் அசிஸ்டென்ட் இடங்கள் முதல்ல பிஹெச்டி ஆளுங்களுக்கு போயிட்டு மிச்சம் இருந்தாதான் வரும். கனடாவுல தீசிஸ் மாஸ்டர்ஸ்ல கைடு சம்மதிச்சா பணமும் சேர்ந்து வர்றது சகஜம்.

கன்சல்டன்சி மூலமா போறவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, பல ஏஜென்டுக்கு கமிஷன் குடுக்கறது யுனிவர்சிட்டி. அதனால அவர் நீட்டுற பட்டியல்ல அவருக்கு டை-அப் இருக்கற இடங்கள்தான் முன்னாடி நிக்கும். உதவி வாங்கிக்கோங்க, பட்டியலை நீங்க போடுங்க.

காலண்டர், பரீட்சை

கடைசி தேதில இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வாங்க. ஆகஸ்ட், செப்டம்பர்ல கிளாஸ் ஆரம்பிக்கிற அமெரிக்க கோர்ஸுக்கு முந்தின டிசம்பர், ஜனவரில கடைசி தேதி வந்துடும். ஆஸ்திரேலியாவுல பிப்ரவரி, ஜூலைன்னு ரெண்டு தடவை ஆரம்பிப்பாங்க. பிரிட்டன்ல பல கோர்ஸ் இடம் நிரம்பற வரைக்கும் எடுப்பாங்க, அதனால சீக்கிரம் போடுறவங்களுக்குத்தான் வாய்ப்பு. மொத்தத்துல கிளாஸ் ஆரம்பிக்க ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்போதே நீங்க பட்டியல் போட்டு முடிச்சிருக்கணும்.

ஜிஆர்ஈன்றது மேல்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு, அதோட ஸ்கோர் அஞ்சு வருஷம் செல்லும், இங்கிலீஷ் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ரெண்டு வருஷம்தான். 2023 செப்டம்பர்ல இருந்து ஜிஆர்ஈ சுருங்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடுது, திரும்ப எழுதணும்னா 21 நாள் இடைவெளி விடணும், அதனால கடைசி தேதிக்கு பத்து நாள் முன்னாடி முதல் தடவையா எழுதாதீங்க. இப்ப நிறைய டிபார்ட்மென்ட் ஜிஆர்ஈ கேக்கறதே இல்ல, உங்க பட்டியல்ல எத்தனை பேர் கேக்கறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க. ஐஇஎல்டிஎஸ்ல அகாடமிக்னு ஒண்ணு, ஜெனரல் ட்ரெய்னிங்னு ஒண்ணு இருக்கு, படிப்புக்கு அகாடமிக்தான் வேணும், மாத்தி புக் பண்ணிட்டு தவிச்சவங்களை நான் பாத்திருக்கேன். மொத்த ஸ்கோர் மட்டும் இல்லாம ஒவ்வொரு பகுதிலயும் குறைஞ்சபட்சம் இவ்வளவுன்னு போட்டிருப்பாங்க, ரைட்டிங்ல அரை பேண்ட், அதாவது 0.5 ஸ்கோர், குறைஞ்சு போனவங்கதான் அதிகம்.

ரெகமெண்டேஷன் லெட்டர்

கடைசி தேதிக்கு ஆறு வாரம் முன்னாடியாவது கேளுங்க. கேக்கறப்ப "சார், எனக்கு ஒரு லெட்டர் வேணும்"னு மட்டும் சொல்லாம, "என்னோட வேலையைப் பத்தி உங்களால விவரமா எழுத முடியுமா சார்"னு கேளுங்க. அவர் இழுத்தாருன்னா வேற ஆளைப் பாருங்க, பெரிய பதவில இருக்கறவர் எழுதின ரெண்டு பொது வரியை விட உங்க ப்ராஜெக்டை பக்கத்துல இருந்து பாத்த லெக்சரர் எழுதற ஒரு பக்கம் எவ்வளவோ மேல். ஒத்துக்கிட்டதும் உங்க சிவி, மார்க்ஷீட், எஸ்ஓபி (ஏன் இந்த கோர்ஸ்னு நீங்க எழுதற கட்டுரை) டிராஃப்ட், எந்தெந்த இடம், எந்தெந்த தேதின்னு ஒரு சின்ன பட்டியல், அவர் கிட்ட நீங்க செஞ்ச வேலையை ஞாபகப்படுத்தி அஞ்சாறு வரி, எல்லாத்தையும் ஒரே மெயில்ல அனுப்புங்க. அவரோட ஆபீஸ் மெயில் ஐடியையே ஃபார்ம்ல குடுங்க. நீயே எழுதிட்டு வா நான் கையெழுத்து போடுறேன்னு சொன்னா மரியாதையா மறுத்துட்டு, அந்த அஞ்சாறு வரியை பதினஞ்சு வரியாக்கி குடுங்க, எழுதறது அவரா இருக்கட்டும். அமெரிக்க ஃபார்ம்ல லெட்டரை பாக்கற உரிமையை விட்டுக்குடுக்கறீங்களான்னு ஒரு கேள்வி வரும், சரின்னு போடுங்க, இல்லன்னா லெட்டர்ல இருக்கறதை அவங்க முழுசா நம்ப மாட்டாங்க.

எஸ்ஓபி

நான் படிச்சுப் பாத்த டிராஃப்ட்ல பாதிக்கு மேல இப்படித்தான் ஆரம்பிக்கும்: "சிறு வயதிலிருந்தே எனக்கு தொழில்நுட்பத்தின் மீது தீராத ஆர்வம் உண்டு, தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் படிப்பது என் கனவு." இதுல பேரை மாத்திட்டா எந்த ஊருக்கும் அனுப்பலாம், அதுதான் இதுல இருக்கற குறை. இப்படி எழுதியிருந்த ஒரு பையன் கிட்ட உக்காந்து பேசினேன், என்னதான் செஞ்சே சொல்லுன்னு, அப்ப வந்தது இது: "கடைசி வருஷ ப்ராஜெக்ட்ல ஒரு ஆஸ்பத்திரி பதிவுகளை வெச்சு யாரெல்லாம் திரும்ப அட்மிட் ஆவாங்கன்னு கணிக்கிற மாடல் செஞ்சோம். 90 சதவீதம் சரியா வந்துச்சு, சந்தோஷப்பட்டோம். அப்புறம் பாத்தா திரும்ப வந்தவங்களே பத்துல ஒருத்தர்தான், யாருமே வர மாட்டாங்கன்னு சொன்னாலும் அதே 90தான் வரும். அந்த ஒருத்தரை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னுதான் இப்பவும் யோசிச்சுட்டு இருக்கேன், உங்க மூணாவது செமஸ்டர்ல அதுக்கு ஒரு பேப்பர் இருக்கு." இதைப் படிக்கிற புரொஃபசருக்கு இந்தப் பையன் யாருன்னு தெரிஞ்சு போச்சு. கவனிச்சீங்களா, தப்பு நடந்ததைத்தான் எழுதியிருக்கான், அதுல இருந்து ஒரு கேள்வி பிறந்திருக்கு, அந்தக் கேள்வியை அந்த கோர்ஸோட பாடப்பட்டியல்ல கொண்டு போய் சேர்த்திருக்கான். பட்டியலை வரி வரியா படிக்கச் சொன்னது இதுக்கும் சேர்த்துத்தான். மார்க் குறைஞ்ச செமஸ்டர் ஒண்ணு இருந்தா காரணத்தை ரெண்டு வரில சொல்லிட்டு நகர்ந்துடுங்க, அழுதுக்கிட்டே ஒரு பத்தி எழுத வேணாம்.

தீசிஸ் ரகத்துக்கு போறவங்க கைடுக்கு முன்கூட்டியே மெயில் போடணும். அவரோட ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாவது முழுசா படிச்சுட்டு, அதுல உங்களுக்கு வந்த ஒரு கேள்வி, நீங்க செஞ்ச வேலை ரெண்டு வரி, இந்த வருஷம் ஸ்டூடன்ட் எடுக்கறீங்களான்னு ஒரு கேள்வி, சிவி இணைப்பு, அவ்வளவுதான். பதில் வரலன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒருதடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல வேணாம்.

ஆஃபர் வந்த அப்புறம்

கண்டிஷனல் ஆஃபர்னா இன்னும் ஏதோ பாக்கி இருக்குன்னு அர்த்தம், கடைசி மார்க்ஷீட்டோ இங்கிலீஷ் ஸ்கோரோ, எந்த தேதிக்குள்ள குடுக்கணும்னு முதல்ல பாருங்க. அமெரிக்காவுல உதவித்தொகையோட ஆஃபர் வந்து உடனே பதில் சொல்லுன்னு அவசரப்படுத்தினா பயந்துடாதீங்க, கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்ன்ற யுனிவர்சிட்டிகளோட கூட்டமைப்பு போட்ட ஏப்ரல் 15 தீர்மானத்துல அந்த யுனிவர்சிட்டி கையெழுத்து போட்டிருந்தா அந்த தேதி வரைக்கும் யோசிக்க உங்களுக்கு நேரம் உண்டு. ஒரு வருஷம் தள்ளி சேரணும்னா டெஃபர் பண்ண விடுவாங்களா, ஸ்காலர்ஷிப்பும் கூடவே தள்ளிப்போகுமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, வாய்வார்த்தை வேணாம்.

டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடி அது திரும்பக் கிடைக்குமா, விசா மறுத்தா கிடைக்குமான்னு படிங்க. அதே கையோட கோஆர்டினேட்டருக்கு இன்னொரு மெயில் போடுங்க, முன்னாடி கேட்ட அதே மூணு எலெக்டிவும் இந்த வருஷம் நடக்குதா, யார் எடுக்கறாங்கன்னு. பதில் வந்ததும் பணத்தைக் கட்டிட்டு, வேணாம்னு முடிவு பண்ண இடங்களுக்கும் உடனே சொல்லிடுங்க, வெயிட்லிஸ்ட்ல ஒருத்தர் காத்துட்டு இருப்பாங்க. லெட்டர் எழுதிக் குடுத்த சாருக்கும் மேடத்துக்கும் எங்க சேர்றீங்கன்னு அன்னிக்கே ஒரு போன் பண்ணி சொல்லிடுங்க.